படகு ஏறாத மலையாறுகள்

ஊவா மாகாணத்திலே ஆறுகளுக்குப் பஞ்சமில்லை; படகுகளுக்குத்தான் பஞ்சம். பதுளை நகரை அணைத்துக்கொண்டு பதுளை ஓயா ஓடுகின்றது. கிழக்கே லொக்கல் ஓயா. மேற்கே, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே, உமா ஓயா. தெற்குச் சரிவிலே கிரிந்தி ஓயா, கும்புக்கன் ஓயா, கதிர்காமக் கந்தன் சந்நிதியை நனைத்துச் செல்லும் மாணிக்க கங்கை. இத்தனை நீர் ஓடியும், பதுளை மாவட்டத்து மலைப் பகுதியிலே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை படகு என்பதைப் பாடப் புத்தகத்துப் படத்திலேதான் முதலிற் காண்கின்றது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதுளையிலிருந்து சில மைல் சென்று துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைப் பார்த்தாற் போதும். அவ்விடத்தில் பதுளை ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகக் குதிக்கின்றது. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள தியலுமையின் உயரமோ 220 மீட்டர். எமது ஆறுகள் நடப்பதில்லை; விழுகின்றன. விழுகின்ற ஆற்றிலே படகு விடுவது எங்ஙனம்?

விழும் ஆற்றையும் படகுக்கு வசப்படுத்தும் வித்தை உலகில் இல்லாமலில்லை. அதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர் சொல்லலாம். ஆற்றை அணையால் மறித்து, அணையின் ஓரத்திலே ஒரு நீண்ட தொட்டி கட்டுவர். தொட்டிக்கு மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேலேயுள்ள நீரை மெல்ல உள்ளே விடுவர். நீர் உயர உயரப் படகும் உயரும். மேல்மட்டத்துக்கு நீர் வந்ததும் மேற்கதவு திறக்கும். படகு தன் வழியே போகும். இறங்குவதற்கும் இதே முறைதான், தலைகீழாக. இயந்திர பலம் ஏதுமின்றி, நீரின் பாரமே படகைத் தூக்கி வைக்கின்றது. இரண்டு கதவுகளையும் ஒரே வேளையில் திறக்கலாகாது என்பது ஒன்றுதான் இதிலுள்ள சட்டம்.

சென்னைக்கு விறகும் உப்பும் கொண்டு வந்த பக்கிங்காம் கால்வாயில் இத்தகைய பூட்டுகள் இருந்தன. கொழும்புக் கால்வாய்களிலும் இருந்தன. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் மேற்பகுதியில் இன்றும் இருபத்தொன்பது பூட்டணைகள் படிக்கட்டுப்போல் அமைந்துள்ளன. அங்கே ஓர் இயந்திரப் படகு பதினைந்து தெப்பங்களை ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு தானியமும் நிலக்கரியும் சுமந்து செல்கின்றது. அதற்கு இழுவைப் படகு என்று பெயர். ஆனால் அது செய்வதெல்லாம் பின்னிருந்து தள்ளுவதுதான். பெயருக்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லாத உத்தியோகங்கள் நம்மூரிலும் உண்டன்றோ! 600 அடி நீளமுள்ள பூட்டுக்குள் பதினைந்து தெப்பமும் ஒருங்கே அடங்காமையால், பாதியை முதலிலும் மீதியைப் பின்னரும் ஏற்றுவார்கள்.

இவ்வித்தையை எமது ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன என்று நாம் ஒருநாள் கணக்குப் பார்த்தோம். பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் ஆறு மகாவலியோடு கலக்கும் மகியங்கனைச் சமவெளி 100 மீட்டர் அளவில் உள்ளது. 1914-இல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாய் மாபெரும் கப்பல்களை மூன்று படிகளில் தூக்குவது 26 மீட்டர் மட்டுமே. பதுளைக்குப் படகு வர வேண்டுமானால் இருபத்திரண்டு பனாமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்! கணக்கை அத்தோடு மூடி வைத்தோம்.

ஆகவே, ஊவாவின் பாரத்தை ஆறு சுமக்கவில்லை; மனிதர் சுமந்தனர், மாடுகள் சுமந்தன. முற்காலத்தில் இங்கு விளைந்த கோப்பி ஹப்புத்தளைக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் இரத்தினபுரிக்கு இறங்கி, அங்கிருந்து களு கங்கைப் படகுகளில் கடற்கரைக்குச் சென்றதும் உண்டு. பின்னர் தேயிலை வந்தது. இருப்புப் பாதை 1893-இல் ஹப்புத்தளைக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும் வந்தது. ஆனால் அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924-இலேதான் பதுளையில் புகைவண்டி கூவியது. தெமோதரையிலே பாதை வளைந்து சுழன்று, தான் விட்டுவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாக நுழைந்து வெளிப்படுகின்றது. நீர்ப்பூட்டு படகுக்குச் செய்வதை அந்த வளைவு வண்டிக்குச் செய்கின்றது எனலாம். செங்குத்தான இறக்கத்தை நீட்டிச் சுருட்டி, சாய்வாக்கிக் கொடுக்கின்றது.

படகு உள்ள ஊவாவையும் பார்த்துவிட வேண்டும் என்று பதுளையிலிருந்து மகியங்கனைக்குப் பஸ் ஏறினோம். இறங்க இறங்கத் தேயிலை மறைந்து, தேக்கும் மூங்கிலும் வந்து, கடைசியில் வெயில் கொளுத்தும் வயல்வெளி வந்தது. மகியங்கனையில் மகாவலி அகன்று, அடக்கமாக ஓடுகின்றது. அந்தப் பக்கத்துக் கரைக்கு வெரகந்தொட்ட என்று பெயர். சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை. எமது தோட்டத்துக்கும் அதற்கும் உறவில்லை. பாலம் வருமுன்னர் தோணியேறிக் கடந்த துறை அது. இவ்வூரைப் பழைய ஒல்லாந்தர் 'விந்தனை' என்று குறித்தனர். 1602-இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்ற ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்த மாலுமி இவ்வழியே வந்தான். கண்டியரசனின் கலங்கள் இருந்த இடமாகவும் அக்கால ஒல்லாந்தக் குறிப்புகள் இவ்வூரைச் சொல்கின்றன. மலைநாட்டு அரசனுக்குக் கலம் எதற்கு என்று கேட்பவர்கள், இதே ஆறுதான் திருகோணமலைக் கடலுக்குப் போய்ச் சேர்கின்றது என்பதை நினைவுகொள்ள வேண்டும்.

மகியங்கனைக்குச் சற்று அப்பால் சொரபொரக் குளம் இருக்கின்றது. துட்டகைமுனு காலத்தில் புலத்தா என்னும் பலசாலி ஒருவன் தனியாளாகக் கட்டினான் என்பது ஊர்க்கதை. கதை எப்படியாயினும், கரும்பாறையைப் பிளந்து வெட்டிய மடையைக் கண்ணாரக் காணலாம். கதவைத் திறப்பதும் அடைப்பதும் இந்நாட்டாருக்குப் புதிய கலையன்று. பழங்குளங்களின் மடைகளிலே 'பிசோ கொட்டுவ' என்னும் கற்றொட்டிகள் உண்டு. குளத்து நீரின் அழுத்தத்தை அடக்கி, வேண்டிய அளவு வெளியே விடுவதற்கு அமைந்தவை. ஆங்கிலேயப் பொறியியலாளரான பாக்கர் 1909-இல் வெளியிட்ட நூலில் அவற்றை வியந்து எழுதியிருக்கின்றார்.

ஆனால் அந்த மடைகளும் சரி, அண்மைக் காலத்து அணைகளும் சரி, படகை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. மகாவலியை மறித்து 1985-இல் விக்டோரியா, 1986-இல் ரந்தெனிகல, 1990-இல் ரந்தம்பை என ஊவாவின் வடமேற்கு எல்லையை ஒட்டி அணைகள் வரிசையாக எழுந்தன. ஒன்றிலேனும் படகுக்குப் பூட்டு இல்லை. விக்டோரியாவின் உயரம் 122 மீட்டர்; அதைத் தாண்டி எந்தத் தோணி ஏறும்? எமது நாட்டு அணைகளின் கதவைக் கடந்து போகும் பிரயாணி ஒருவர்தான், அவர் நீர். அவர் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், யாருடைய இடத்தைக் காலி செய்துகொண்டு போகிறார் என்பதே விஷயம்.

இதை நேரிற் காண்பதற்கு, இன்னொரு விடுமுறையில் மேற்குப் பக்கம் போனோம். வெலிமடைக்கு அருகே புகுல்பொல என்னுமிடத்தில் உமா ஓயாவை மறித்து ஓர் அணை நிற்கின்றது. 35 மீட்டர் உயரம். அங்கு தேங்கும் நீர் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக டயரபா என்னும் இரண்டாவது நீர்த்தேக்கத்துக்குப் போகின்றது. டயரபா அணை 50 மீட்டர் உயரம். அங்கிருந்து தொடங்குவதுதான் பெரிய சுரங்கம். 15 கிலோமீட்டருக்கு மேல் மலையின் வயிற்றுக்குள்ளேயே ஓடி, எல்ல–வெல்லவாய வீதியிலுள்ள கரந்தகொல்லைக்கு அருகே, 600 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகின்றது. நிலத்துக்கு அடியிலுள்ள மின்னிலையத்தில் இரண்டு சக்கரங்களைச் சுழற்றி 120 மெகாவாட் மின்சாரம் ஈன்றபின், கிரிந்தி ஓயாவில் போய் விழுகின்றது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று திசையைக் கவனிக்க வேண்டும். உமா ஓயா வடக்கு நோக்கி ஓடி ரந்தம்பை அருகே மகாவலியுடன் சேரும் ஆறு. கிரிந்தி ஓயா தெற்கு நோக்கி ஓடி அம்பாந்தோட்டைக் கடலிற் சேரும் ஆறு. நடுவே இருப்பது ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்னும் மலைவரம்பு. மலையின் ஒரு முதுகில் பெய்த மழையை மறு முதுகுக்கு மாற்றிவிடுவதே இத்திட்டத்தின் உள்ளுறை. தெற்கே மொனராகலையும் அம்பாந்தோட்டையும் வறண்ட பூமிகள். அங்குள்ள உழவர் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு நீர் கொடுக்க எண்ணியதைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

குறை நடுவழியில் நேர்ந்தது. ஈரானிய நிறுவனம் ஒன்று சுரங்கத்தைக் குடைந்துகொண்டிருந்தபோது, 2014 டிசம்பரில், பாறையின் வெடிப்புகளிலிருந்து பெருந்திரளாக நீர் சுரங்கத்துக்குள் புகுந்தது. மலைப்பாறை பார்வைக்கு இறுகியதாயினும் அதன் நரம்புகளெல்லாம் நீர். மேலே கிணறாகவும் ஊற்றாகவும் வெளிப்படுவது அந்த நீரே. அடியிலே துளை விழுந்ததும், குடத்தின் அடி ஓட்டையானதுபோல, மேலேயுள்ள நீரெல்லாம் கீழே வடிந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வறண்டன, நிலம் தாழ்ந்தது, வீடுகள் வெடித்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், அக்டோபர் 29-ஆந் திகதி, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியிருந்தது. சுவரில் ஒரு மயிரிழை வெடிப்பைக் கண்டாலும் அந்நாளில் மக்கள் நெஞ்சம் என்ன பாடு பட்டிருக்கும்! நிலத்தடி நீரைப் பற்றிப் போதிய ஆய்வின்றி வேலை தொடங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2017-இல் பண்டாரவளை நகரமே திரண்டு வீதிக்கு வந்தது. வெடிப்புகளைச் சீமெந்துக் குழம்பு செலுத்தி அடைத்தார்கள். பொருளாதாரத் தடையால் ஈரானியக் கடனும் இடையிலே நின்றுபோக, இலங்கை தன் காசைக் கொண்டே எஞ்சிய வேலையை முடித்தது. 2024 ஏப்ரல் 24-ஆந் திகதி ஈரான் அதிபரும் இலங்கை ஜனாதிபதியும் சேர்ந்து திட்டத்தைத் திறந்துவைத்தனர்.

பத்திரிகைகளிலே கிணறுகளைப் பற்றி நிறைய வந்தது. பீலிகளைப் பற்றி அவ்வளவாக வரவில்லை. தோட்டத்தில் லயத்துக்கு லயம் கிணறு வெட்டி வைப்பவர் யார்? மலையில் ஊறும் நீரைக் குழாயிலோ மூங்கிலிலோ இறக்கி, விழ விட்டிருப்பதே பீலி. குளிப்பதும் குடிநீர் எடுப்பதும் துணி துவைப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பீலிக்கரையில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

“சொரங்கம் தோண்டுன காலத்துல இது நின்னு போச்சுங்க சேர். மொதல்ல நூலு மாதிரி வந்திச்சு. அப்புறம் அதுவும் இல்ல. பவுசர்ல தண்ணி கொண்டாந்தாங்க. பவுசர் வர்ற நேரமும் மலைக்குப் போற நேரமும் ஒண்ணு. தண்ணி புடிச்சிட்டுப் போனா அரைப்பேருதான் போடுவாங்க.”

பேர் என்றால் ஒருநாள் வேலைக்குரிய கூலிப் பதிவு. அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். இரண்டு குடம் தண்ணீரின் விலை அரைநாட் கூலி! பட்டணத்தார் எவரும் அவ்வளவு விலை கொடுத்துத் தண்ணீர் குடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

“வீடு வெடிச்சதுக்கு ஏதேனும் கிடைத்ததா, அம்மா?” என்று கேட்டோம்.

“எழுத வந்தாங்க. வீட்டுக்குச் சொந்தக்காரர் பேரு என்னான்னு கேட்டாங்க. லயத்துக்கு யாரு பேர நான் சொல்றது?” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து குடியிருக்கும் அறை அது. உறுதிப் பத்திரம் மாத்திரம் இல்லை.

“இப்போது தண்ணீர் வருகிறதே?”

“வருது. முன்ன இந்தக் கை கனத்துக்கு வரும். இப்ப ரெண்டு வெரலு.” அவர் தம் மணிக்கட்டையும் பின்னர் இரண்டு விரல்களையும் காட்டினார். நீரளவைக் கருவிகள் பல உண்டு. இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கருவியை நாம் கண்டதில்லை.

நீர்ப்பூட்டின் சட்டம் அப்பொழுது எம் நினைவுக்கு வந்தது. அங்கே கீழே நிற்பவனை உயர்த்துவதற்காக மேலேயுள்ள நீரைச் சிறிது சிறிதாகத்தான் விடுவார்கள். மேலே நிற்கும் படகு தரை தட்டிவிடாதபடி அளந்துதான் விடுவார்கள். அந்த அளவைப் பார்க்கவென்றே ஒருவன் கதவண்டை இராப்பகலாக உத்தியோகம் பார்க்கின்றான். மலைக்கு அடியில் குடைந்தபோது, மேலே பீலியண்டை நின்று அளவு பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் இராவணன் அருவியின் தூவானம் பஸ்ஸின் கண்ணாடியை நனைத்தது. கரந்தகொல்லையில் காண்பதற்கு அதிகமில்லை. பெரிய வேலையெல்லாம் பூமிக்குள்ளே. வெல்லவாய, தனமல்வில என்று கீழே போகப் போக மலை பின்வாங்கி, பற்றைக்காடு வந்தது. அந்தி நேரத்தில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை அடைந்தோம். கிரிந்தி ஓயாவைத் தேக்கி 1980களில் உண்டானது அது. எல்லேகலத் தொகுதியைச் சேர்ந்த பழைய குளத்து வயல்களுக்கு நீரில் முன்னுரிமை இருந்தமையால், புதிதாகக் குடியேறியவர்கள் பல ஆண்டுகள் ஒரு போகத்தோடு நிற்க நேர்ந்தது. நிலம் கிடைத்தும் நீர் கிடைக்காதவர்கள் அவர்கள்.

அணைக்கட்டில் ஒரு முதிய சிங்கள விவசாயி மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறோம் என்று சிங்களத்திற் கேட்டார். பண்டாரவளைப் பக்கமிருந்து என்றோம்.

அவர் முகத்தில் ஒரு மாறுதல். “மாத்தயா, அங்கே கிணறுகள் திரும்ப ஊறிவிட்டனவா?” என்றார்.

மூதாட்டி காட்டியதையே நாமும் காட்டினோம். முதலில் மணிக்கட்டு, பிறகு இரண்டு விரல்.

அவர் சற்று நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், “இந்த முறை சிறுபோகமும் விதைத்திருக்கிறோம்” என்றார்.

அப்பொழுது நீர்த்தேக்கத்தின் நடுவிலிருந்து ஓர் ஓடம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு இளைஞர்கள் துடுப்புப் போட்டார்கள். வலையிலே திலாப்பியா மீன்கள் துள்ளின. கிரிந்தி ஓயாவின் நீரோடு உமா ஓயாவின் நீரும் சேர்ந்து அந்த ஓடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் அதை மணலில் இழுத்து, ஒரு மருத மரத்து வேரிலே கயிற்றைக் கட்டிவிட்டு மீனை நிறுக்கத் தொடங்கினர்.